கணினி பாதியிலேயே நின்று திரும்பத் திரும்பத் தொடங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் குடியிருக்கும் நான், இருபது ஆண்டுகளாக அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கணினிகளைப் பழுது பார்த்துக் கொடுத்து வருகிறேன். மாட்டுங்கா, தாராவி, சயான் கோலிவாடா, முலுண்ட் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் ஒரே புகார்தான் அதிகம் வரும்: "பொத்தானை அழுத்தினால் உயிர் வருகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது, மறுபடி தானாகவே தொடங்குகிறது." அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் கீழே இருக்கின்றன. பெரும்பாலும் விண்டோஸ் ஓடும் மேசைக் கணினியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, கணினி இப்படி மாறி மாறித் தொடங்குகிறதே, முதலில் எதைத் தொடுவது?

எதையும் தொட வேண்டாம். எந்தக் கட்டத்தில் அறுந்துபோகிறது என்று பாருங்கள். நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும். திரையில் எதுவுமே வராமல் இரண்டு மூன்று விநாடிகளில் அணைகிறதா? மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் சொருகப்படும் தாய்ப்பலகை) நிறுவனத்தின் சின்னம் வந்து, விண்டோஸின் சுழலும் புள்ளிகள் தெரியும்போது அணைகிறதா? அல்லது கடவுச்சொல் போட்டு உள்ளே போன பிறகா? முதலாவது என்றால் மின்சாரம், ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்), பொத்தான் ஆகியவற்றின் மீது சந்தேகம். இரண்டாவது என்றால் வட்டு (கோப்புகள் இருக்கும் டிஸ்க்), பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அமைப்பு. மூன்றாவது என்றால் சூடு, நீங்கள் கடைசியாக நிறுவிய மென்பொருள், அல்லது பாரம் ஏறியதும் தளர்ந்துவிடும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி.

கைப்பேசியை எதிரே நிறுத்தி வீடியோ எடுத்துவிடுங்கள். அணைவதற்கு முன் ஒரு கணம் நீலத்திரை (விண்டோஸின் பிழைத்திரை) மின்னி மறைவதுண்டு. கண்ணுக்குச் சிக்காத அந்தக் கணம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

கடையில் "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

ஃபார்மட் என்றால் வட்டில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது. காரணத்தைச் சொல்லாமல் ஃபார்மட் என்று தொடங்குகிறவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், இதே கோளாறோடு கணினியை ஒரு கடைக்குத் தூக்கிப் போனார். கேட்காமலேயே ஃபார்மட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதே கோளாறு. நான் போய்த் திறந்து பார்த்தேன். ராம் பட்டையின் ஒரு முனை பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். கடையில் திறந்து மூடியபோது தற்செயலாகத் தொடர்பு கிடைத்து இரண்டு நாள் ஓடியிருக்கிறது. அந்த வட்டில் அவருடைய மனைவி ஆறு ஆண்டுகளாக எழுதி வந்த ஏலச்சீட்டுக் கணக்கு இருந்தது. நான் போனபோது அந்த அக்கா தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய நோட்டில் யார் யார் எத்தனை தவணை கட்டினார்கள் என்று நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். பாதிப் பெயர்களுக்கு எதிரே கேள்விக்குறி.

வன்பொருள் கோளாறு ஃபார்மட் போட்டால் தீராது. மென்பொருள் கோளாறிலும் அது கடைசி வழிதான்.

கோளாறு இயந்திரத்திலா, விண்டோஸிலா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. கணினி தொடங்கியதும் டெலீட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் அமைப்புப் பக்கம் திறக்கும். அதைத் திறந்தபடியே இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் விண்டோஸுக்கு வேலையே இல்லை. அங்கேயும் அணைந்து தொடங்கினால் கோளாறு இயந்திரத்தில் இருக்கிறது. அங்கே அசையாமல் நின்று, விண்டோஸ் ஏறும்போது மட்டும் விழுந்தால் வட்டையும் மென்பொருளையும் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பயாஸ் பக்கத்தில் இயந்திரத்துக்கு அதிக உழைப்பு இல்லை. பலவீனமான எஸ்எம்பிஎஸ் அந்தச் சோதனையில் தேறிவிட்டு, விண்டோஸ் ஏறும் நேரத்தில் கைவிடலாம். அதனால் இரண்டாவது சோதனையாக, உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பார்ப்பேன். அதிலும் விழுந்தால் விண்டோஸ் மீது பழி இல்லை.

யுபிஎஸ் இருக்கிறதே, மின்சாரத்தால் எப்படிக் கோளாறு வரும்?

யுபிஎஸ்தான் பல வீடுகளில் குற்றவாளி. வீட்டு யுபிஎஸ்களில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. மூன்று நான்கு ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். மின்னழுத்தம் சிறிது தாழ்ந்தாலும் யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும். பேட்டரியில் சக்தி இல்லாததால் கணினி ஒரு கணம் பட்டினி கிடக்கும், உடனே மறுபடி தொடங்கும். யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுக் கணினியை நேராகச் சுவர்ப் பிளக்கில் சொருகிப் பாருங்கள். அதிலேயே சரியானால் பேட்டரியை மாற்றினால் போதும். தளர்ந்துபோன எக்ஸ்டென்ஷன் போர்டும் இதே வேலையைச் செய்யும். பிளக்கை லேசாக அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய சால்களில் (மும்பையின் வரிசை வீட்டுக் கட்டடங்கள்) இன்னொரு தொல்லை உண்டு. எர்த் கம்பியே இல்லாத பிளக்குகள். கேபினெட்டை (கணினியின் வெளிப்பெட்டி) தொட்டால் விரலில் சுரீரென்று உறைத்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கணினி அப்புறம்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி அது. அழுத்தங்கள் நிலைப்பட்டுவிட்டன என்று தெரிந்த பிறகுதான் "எல்லாம் சரி" என்ற ஒரு சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்திய பின் அரை விநாடிக்குள் நடந்துவிடுகிற காரியம் இது. அந்தச் சமிக்ஞை இடையில் ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் பார்க்கும் மாறி மாறித் தொடங்கும் ஆட்டம் பலமுறை இதுதான். உள்ளே மின்தேக்கிகள் வயதாகித் தலை உப்பிப்போனால் அழுத்தம் தடுமாறும். 12 வோல்ட் இணைப்பில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். பல பயாஸ் பக்கங்கள் இந்த எண்ணைக் காட்டும். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் கம்பியில் அளந்து பார்க்கலாம்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

மழைக்காலத்தில் மட்டும் இப்படி ஆகிறது. அக்டோபர் வந்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

கடற்கரை நகரத்தின் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கின்றன. நான்கு மாத மழையில் சுவர் கசிகிறது, அலமாரித் துணியில் பூஞ்சை வருகிறது. கணினிக்குள் மட்டும் ஈரம் போகாமல் இருக்குமா? தரையில், கசியும் சுவரை ஒட்டி வைத்த கேபினெட்டுகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். ஈரம் படிந்த தூசி முதலில் கைவைப்பது ராமில்.

ராம் பட்டையின் அடிவிளிம்பில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். மேசைக் கணினியின் டிடிஆர்4 வகைப் பட்டையில் இருபுறமும் சேர்த்து 288. ஒரு பல்லுக்குத் தொடர்பு சரியாகக் கிடைக்காவிட்டாலும் கணினி தடுமாறலாம். சென்ற ஆகஸ்டில் முலுண்டில் கழற்றிய ஒரு பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பொன்நிறம் மங்கி, நடுவில் ஏழெட்டுப் பற்களின் மேல் நத்தை ஊர்ந்த தடம்போல் ஒரு மெல்லிய படலம். வேறு எந்தக் கோளாறும் இல்லை.

சுத்தம் செய்வது கடினமல்ல. மின்கம்பியைக் கழற்றுங்கள். பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். பள்ளத்தின் முனையிலுள்ள தாழ்ப்பாளை விலக்கினால் பட்டை எழும்பும். பற்களைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பது சிறந்தது. அது கிடைக்காவிட்டால் பள்ளிக் குழந்தையின் வெள்ளை ரப்பரால், ஒரே திசையில், மெல்லத் தேயுங்கள். தங்கப் பூச்சு மிக மெல்லியது. உப்புத்தாளையோ கத்தி முனையையோ கொண்டுபோனால் பட்டை போய்விடும். ரப்பர்த் தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, வெட்டுப்பள்ளம் பொருந்தும்படி வைத்து, இரு முனையையும் அழுத்துங்கள். "டக்" என்ற ஒலி கேட்க வேண்டும். அது கேட்கும்வரை பட்டை உட்காரவில்லை என்றே கொள்ளுங்கள்.

இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்கிப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். எந்தப் பட்டையோடு விழுகிறதோ அதுதான் நோயாளி. சந்தேகம் தீராவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென் டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பட்டையை நம்ப வேண்டாம்.

தேதி பழைய ஆண்டைக் காட்டுகிறது. அதற்குப் பிறகுதான் இந்தக் கோளாறு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. கடைகளில் பலர் தவறவிடும் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மதர்போர்டில் பழைய எட்டணா நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சிஆர்2032, அழுத்தம் 3 வோல்ட். மின்கம்பியைப் பிடுங்கியிருக்கும் நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். பல போர்டுகளில் பயாஸ் அமைப்பைக் காத்து வைப்பதும் இதுவே. இது தீர்ந்துவிட்டால் தேதி மட்டும் மாறுவதில்லை. வட்டோடு எந்த முறையில் பேசுவது என்ற அமைப்பும் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும். ஐடிஇ முறையில் நிறுவிய விண்டோஸ் திடீரென்று ஏஎச்சிஐ முறையைக் கண்டால், அல்லது ஏஎச்சிஐயில் நிறுவியது ரெய்டைக் கண்டால், தன் வட்டையே அடையாளம் தெரியாமல் விழும். நீலத்திரை, தொடக்கம், நீலத்திரை, தொடக்கம். வட்டு போய்விட்டது என்று புது வட்டு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை மாற்றுங்கள். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்து, வட்டோடு பேசும் அந்த முறையை (பயாஸில் சாட்டா முறை என்று இருக்கும்) பழையபடி வையுங்கள். பழைய முறை எது என்று நினைவில்லாவிட்டால் இருப்பதை மாற்றி ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். வட்டிலுள்ள கோப்புகளுக்கு இதனால் சேதம் வராது.

பொத்தானை அழுத்தினால் சரியாக நான்கு விநாடியில் அணைகிறது.

பவர் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். அதை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் அணைக்க வேண்டும் என்பது கணினிக்கு இடப்பட்ட கட்டளை. மதர்போர்டிலிருந்து அந்தப் பொத்தானின் சிறு கம்பியையும் ரீசெட் பொத்தானின் கம்பியையும் உருவிவிட்டு, பவர் பொத்தானுக்குரிய இரண்டு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். கணினி ஓடினால் பொத்தான்தான் காரணம். ரீசெட் பொத்தானையே பவர் பொத்தானாக மாற்றி இணைத்துப் பல ஆண்டு ஓட்டலாம்.

சூட்டினால் இப்படி ஆகுமா?

ஆகும். சூடு எல்லை தாண்டினால் பெரும்பாலும் கணினி முற்றாக அணைந்துவிடும், தானாகத் தொடங்குவது குறைவு. பிராசசரின் மேல் உள்ள விசிறி சுழல்கிறதா, அதைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு ஆண்டுப் பழைய இயந்திரமென்றால் விசிறிக்கு அடியில் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருக்கும், புதிதாகப் பூச வேண்டும்.

நீலத்திரை மின்னி மறைகிறது, படிக்கவே முடியவில்லை.

விண்டோஸ் விழுந்ததும் தானாக மறுபடி தொடங்க வேண்டும் என்பது அதன் இயல்பான அமைப்பு. அதை நிறுத்திவைக்கலாம். சுழலும் புள்ளிகள் வரும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பழுதுபார்ப்புப் பக்கம் தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பட்டியலில் 9ஆம் எண் தானாக மறுதொடக்கம் ஆவதைத் தடுக்கும். இனி விழுந்தால் திரை அப்படியே நிற்கும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை நீலமாக இல்லாமல் கறுப்பாக இருக்கும்.

குறியீட்டின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 7பி என்றால் வட்டை அடைய முடியவில்லை, மேலே சொன்ன பேட்டரிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 24 என்றால் வட்டின் கோப்பு அமைப்பில் சிதைவு. 1ஏ என்றால் ராமைச் சந்தேகியுங்கள். 124 என்றால் பிராசசர், மின்சாரம், சூடு.

சேஃப் மோடில் ஓடுகிறது, வழக்கமாகத் தொடங்கினால் விழுகிறது. இதற்கு என்ன பொருள்?

நல்ல செய்தி. அதே ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியலில் 4ஆம் எண் சேஃப் மோட். அதில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும். அங்கே ஓடுகிறது என்றால் கூடுதலாக ஏறும் ஏதோ ஒன்றுதான் தள்ளிவிடுகிறது. கடைசியாக நிறுவிய கிராஃபிக்ஸ் டிரைவர், ஆன்டிவைரஸ், பிரிண்டர் மென்பொருள் ஆகியவற்றை அங்கிருந்தே நீக்குங்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. அதற்கு வட்டை ஃபார்மட் போட வேண்டியதில்லை.

விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு விழத் தொடங்கியிருந்தால், பழுதுபார்ப்புப் பக்கத்திலேயே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்ற வழி இருக்கிறது. சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் முந்தைய நாளுக்குத் திரும்பினாலும் உங்கள் படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும்.

48 இலக்க எண்ணைக் கேட்கிறது. நான் அப்படி எதுவும் வைக்கவில்லையே?

நீங்கள் வைக்காவிட்டாலும் பல புதிய கணினிகளில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் தானாகவே செயல்பாட்டில் இருக்கும். பயாஸில் கைவைத்தால் அது அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்தக் கணினியின் பெயரோடு சாவி இருக்கும். இந்த எண் இல்லாமல் யாராலும் வட்டைத் திறக்க முடியாது. ஆகவே பயாஸில் எதையும் மாற்றும் முன்பே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் சரிவரவில்லை. கோப்புகளை மட்டுமாவது எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மேலே சொன்ன லினக்ஸ் பென் டிரைவிலிருந்து தொடங்கி, வட்டைத் திறந்து, வேண்டியதை வெளி வட்டுக்கு நகல் எடுங்கள். கணினியே நிற்கவில்லை என்றால் வட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்புப் பெட்டியில் வைத்து வேறு கணினியில் சொருகுங்கள். ஹார்டு டிஸ்க் "டிக், டிக்" என்று ஒரே சீராகத் தட்டினால் மட்டும் அந்த நிமிடமே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளே கீறலை அதிகமாக்கும். அதைத் தரவு மீட்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

புதிதாக ராம் மாட்டினேன். இரண்டு முறை தானாகத் தொடங்கியது, பிறகு சரியாகிவிட்டது.

பயப்பட வேண்டாம். டிடிஆர்5 வகை ராம் உள்ள கணினிகள் புது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் இருட்டாக நிற்பதும், ஓரிரு முறை மறுபடி தொடங்குவதும் இயல்பு. பயாஸ் புதுப்பிப்பின்போதும் அப்படித்தான். நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் வாங்க லேமிங்டன் ரோடு போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

மும்பையில் கணினிப் பாகங்கள் விற்கும் கடைத்தெரு அது. கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். பக்கவாட்டு அட்டையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 450 என்று எழுதிய பெட்டியில் 14 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட்தான். இன்றைய கணினிகளில் பிராசசரும் கிராஃபிக்ஸ் அட்டையும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். கையில் தூக்கிப் பாருங்கள். காகிதப் பெட்டிபோல் இலேசாக இருந்தால் வைத்துவிடுங்கள். ரசீதில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள், உத்தரவாதத்துக்கு அது வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் என்ன செய்து வைக்கலாம், தம்பி?

மே மாதக் கடைசியில் கேபினெட்டைத் திறந்து உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், அக்கா. தரையிலிருந்து ஒரு பலகையின் மேல் தூக்கி வையுங்கள். சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். பின்பக்கம் மூடித் தகடு இல்லாத துவாரம் இருந்தால் கண்ணி வலையால் அடைத்துவிடுங்கள், பல்லியும் எலியும் அதன் வழியாகத்தான் நுழைகின்றன. மழை நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே எழும் சூடே ஈரத்தை உலர்த்தும். சீட்டுக் கணக்கையும் படங்களையும் ஒரு வெளி வட்டில் நகல் எடுத்து, அந்த வட்டைக் கணினியோடு சொருகியே வைக்காமல், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்தட்டில் நெகிழிப் பையில் சுற்றி வையுங்கள்.